இரண்டு வாக்கியம் சொல்லத் தெரியாதவள்

சமையலறை மேல்தட்டில் ஒரு தேயிலைப் பொட்டலம் பிரிக்காமல் கிடக்கிறது. உன் நினைவுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தோமே, அதில் மிஞ்சியது. பச்சைக் காகிதம், மேலே மலைப் படம், கீழே உன் பெயர். காகிதத்தையும் மீறி வாசனை வருகிறது. காலையில் பால் காய்ச்சப் போனால் மூக்கில் ஏறுகிறது, எனக்கு முகம் சுடுகிறது. யாருடைய யோசனை என்று கேட்காதே. என் யோசனைதான். டீ குடித்தால் நெஞ்சு கரிக்கிறது என்று கேன்டீன்காரரோடு சண்டை போட்டுக் காபி வாங்கிக் குடிப்பவள் நீ. உனக்கு நான் தேடிப் பிடித்த நினைவுப் பொருள் தேயிலை! கமிட்டியில் எல்லோரும் 'கொள்ளாம், கொள்ளாம்' என்று, பிரமாதம் என்று, தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை வேறு.

எம்.ஏ. சேர்ந்த வருஷத்திலிருந்து புதன்கிழமை சாயங்காலம் என்றால் நம் இருவருக்கும் பல்கலைக்கழக செமினார் ஹால்தான். 'புதன் சர்ச்சை' என்று பெயர். தமிழ்க் காதுக்கு ஏதோ அடிதடி மாதிரி கேட்கும். மலையாளத்தில் அது கலந்துரையாடல், அவ்வளவுதான். பட்ஜெட், தேர்தல், துறைமுகம், பக்கத்து நாட்டுச் சண்டை, அந்த வாரம் பேப்பரில் எது பெரிய எழுத்தில் வந்ததோ அது. யார் வேண்டுமானாலும் வரலாம். பென்ஷன்காரர்கள், கட்சிப் பிள்ளைகள், செக்ரட்டேரியட்டில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பவர்கள் என்று ஹால் நிறைந்துவிடும். கத்துவதற்குப் பஞ்சமே இருக்காது. ஒருத்தர் சொன்னது ஒன்றாக இருக்கும், அடுத்தவர் எழுந்து மறுப்பது வேறொன்றாக இருக்கும்.

அதைப் பார்த்துப் பொறுக்காமல் நீதான் அந்த விதியைக் கொண்டுவந்தாய். பேச்சு முடிந்ததும் மாடரேட்டர் எழுந்து, பேசியவர் என்ன சொன்னார் என்பதை இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் 'சரி' என்று ஒத்துக்கொண்டால்தான் கேள்வி கேட்கலாம். இல்லையென்றால் மறுபடி சொல்ல வேண்டும். "மனசிலாகாம மறுக்கறது வெறும் சத்தம்" என்றாய், புரிந்துகொள்ளாமல் என்று. ஒரு முன்னாள் எம்.எல்.ஏ., நான் சொன்ன சுருக்கத்தைக் கேட்டுவிட்டு, இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று அவரே சிரித்துவிட்டார். மாடரேட்டர் வேலை எப்படி என் தலையில் விழுந்தது என்று உனக்குத் தெரியும். பெரிய குரல், சிரித்த முகம், பிசிறில்லாத மலையாளம். கரமனை அக்கிரகாரத்துப் பெண் இப்படி மலையாளம் பேசுகிறாளே என்று பென்ஷன்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். படிப்பு முடிந்து எனக்கு அங்கேயே வேலை கிடைத்தது. நீ நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு காலேஜில் எகனாமிக்ஸ் டீச்சர் ஆனாய். ஆனாலும் புதன்கிழமை பஸ் பிடித்து வந்துவிடுவாய்.

உன் விஷயம் வரிப் பங்கீடு. டெல்லி வசூலிப்பதில் மாநிலங்களுக்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு. வருஷத்துக்கு ஓரிரு முறையாவது அதைப் பற்றிப் பேச உன்னைக் கூப்பிடுவோம். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து உன்னை அறிமுகப்படுத்துவேன்: பொன்முடி எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீட்டில் பிறந்து, கொழுந்து பறிக்கும் தாய்க்கு மகளாக வளர்ந்து, இன்று ஒரு பேராசிரியையாக... இந்த இடத்தில் கைத்தட்டல் விழும். உன் பேச்சு முடிந்தால்கூட அவ்வளவு கைத்தட்டல் விழுந்ததில்லை.

ஒருநாள் கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கேட்டாய். "எடி, நீ எதுக்கு எப்பவும் என்னைப் பொன்முடியிலேர்ந்தே எறக்கி விடுற? நான் நெடுமங்காட்டுலேர்ந்துதான பஸ் ஏறினேன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுவாரம் கமிட்டிக்காரர்களிடமும் சொல்லிச் சிரித்தேன். உனக்கு என்ன ஒரு அடக்கம், என்ன ஒரு நகைச்சுவை என்று. அடக்கமாம்! எனக்கு எங்கே புத்தி போயிற்று என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது. நீ முதல்முதலாகக் கரமனைக்கு வந்த அன்று, பொன்முடியில் இப்போது குளிர் எப்படி, நல்ல டீத்தூள் நேரடியாகக் கிடைக்குமா என்று அப்பா ஆரம்பித்தார். டீயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது மாமா, வரிப் பங்கீட்டைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியச் சொல்கிறேன் என்றாய். அப்பா சிரித்துவிட்டு, அட்டைக்கடிக்கு என்ன மருந்து போடுவீர்கள் என்று கேட்டார். நீ காபி டம்ளரைப் பார்த்தபடி, உப்பு போட்டால் விழுந்துவிடும் என்றாய்.

ஹாலிலும் அதேதான். வரி, கமிஷன், விகிதம் என்று நீ போய்க்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுவார். மாடரேட்டருக்குப் பதற்றம் வந்துவிடும். நடுவில் புகுந்து, டீச்சர் சின்ன வயதில் எஸ்டேட்டில் அனுபவித்ததையும் கொஞ்சம் சொல்லலாமே என்பேன். நீ ஒரு வாய் தண்ணீர் குடிப்பாய். அட்டை, மழை, குளிர் என்று ஏதோ இரண்டு சொல்வாய். எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். நேரம் முடிந்துவிடும். நன்றி சொல்லி அனுப்பிவிடுவேன்.

உனக்கு மட்டும் நான் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. நீ மைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய் உட்காருவாய். எதற்காக நின்றாய் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஒருமுறை வாய்விட்டே கேட்டாய், "எனக்குச் சுருக்கம் கெடையாதா?" என்று. "உனக்கு எதுக்குடி? உன்னை எனக்குத் தெரியாதா" என்றேன். அன்பில் சொன்னதுதான். அன்பில் சொன்னது என்று நினைக்க இப்போது இன்னும் கூச்சமாக இருக்கிறது.

போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்தேன். அப்போதும் அறுவை சிகிச்சை, ஸ்கேன், நர்ஸின் கோபம் என்றுதான் பேசினோம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு, சொல்லுடி, முழுசாகச் சொல்லு என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

நினைவுக் கூட்டத்தையும் புதன்கிழமையே வைத்தோம். அதே ஹால், நிறைந்த கூட்டம். முன்வரிசையில் உன் அம்மா. உன் அண்ணன் மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் பேச எழுந்தேன். ஹாஸ்டலில் நீ காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மத்தியானம் என்னிடம் மட்டும் சொன்னாயே, லீவுக்கு வீட்டுக்குப் போனால் அம்மா தலை பின்னிவிடும்போது, கொழுந்துக் கறை ஏறிய விரல் வெடிப்பில் முடி சிக்கி இழுக்கும் என்று, அதைச் சொன்னேன். குரலை இறக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கர்ச்சீப்புகள் வெளியே வந்தன. எல்லோரும் திரும்பி உன் அம்மாவின் கைகளைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. கூட்டம் உருகிக்கொண்டிருக்கிறதே, எப்படி நிறுத்துவேன்.

முடித்ததும் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். உன் மாணவி, இப்போது ஆராய்ச்சி செய்கிறாள். மலையாளத்தில், ரொம்பப் பணிவாகத்தான் கேட்டாள். இந்த ஹாலில் ஒரு விதி இருக்கிறது, எங்கள் டீச்சர் கொண்டுவந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அவர் இங்கே என்ன சொன்னார் என்று இரண்டு வாக்கியம் சொல்ல முடியுமா என்றாள். நான் வாயைத் திறந்தேன். மாநிலங்களுக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும் என்று உறுதியாக வாதாடினார் என்றேன்.

"அது எல்லாரும் சொல்றதுதானே டீச்சர்" என்றாள்.

எத்தனை வருஷம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்! முன்பின் தெரியாத எம்.எல்.ஏ.வின் பேச்சைச் சுருக்கத் தெரிந்தது, உன் பேச்சைச் சுருக்கத் தெரியவில்லை. என் காது அப்போதெல்லாம் பின்வரிசைக் கொட்டாவியில் இருந்திருக்கிறது. யாரோ புண்ணியவான் சிற்றுண்டி தயார் என்று அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வராந்தாவில் உன் அம்மா என்னைத் தேடி வந்தார். தேயிலைப் பொட்டலம் கையில் இருந்தது.

"புதன்கெழமையானா இங்க வந்து நீ என்னதான் பேசுவேன்னு கேட்டா, 'போம்மா, எல்லாம் கணக்கு'ன்னுருவா. இன்னைக்காவது தெரிஞ்சுக்கிடலாம்னு வந்தேன் டீச்சரம்மா. என் கையப் பத்தியா பேசுவா?"

இல்லை, ஒரு தடவைகூடப் பேசினதில்லை என்றேன்.

"பின்னே என்ன பேசுவா?"

வீட்டுக்கு வந்து விவரமாகச் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு. அந்த மாணவியையே தேடிப் போனேன். அவளுக்கும் தெரியவில்லை. வகுப்பில் நீ எல்லாக் கட்சியின் வாதத்தையும் சொல்வாயாம், உன் கட்சி எது என்று மட்டும் சொல்லமாட்டாயாம். கேட்டால், அது புதன்கிழமைக்கு என்பாயாம். அவள் புதன்கிழமைக்கு வரத் தொடங்கும் முன் நீ படுத்துவிட்டாய். பழைய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவர், 'ஓ, அந்த அட்டைக் கதை, மறக்க முடியுமா!' என்றார். இன்னொருவருக்கு மழையில் லயத்துக் கூரை ஒழுகியது நினைவிருந்தது. நான் எதையெதை உன்னிடம் நோண்டி எடுத்தேனோ, அது மட்டும் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. நீயோ குறிப்பு வைத்துப் பேசுகிறவள் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். வரிப் பாத்திரத்தில் இருப்பதை எப்படிப் பங்கு போடுவது என்று எல்லோரும் மல்லுக்கட்டுகிறோம். செஸ், சர்சார்ஜ் என்று கூடுதல் வரிக்குப் பெயர் வைத்து, பாத்திரத்துக்கே வராமல் டெல்லி தனியே எடுத்து வைப்பதைக் கேட்க மாட்டேன் என்கிறோம். இது வரைக்கும் உன் குரலிலேயே கேட்கிறது. இதைச் சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலைத் தூக்குவாய். "பக்ஷே நம்மள்..." என்று தொடங்குவாய். ஆனால் நாம், என்று. அந்த இடத்தில்தான் விஷயமே இருந்திருக்கிறது. அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் நான் எஸ்டேட்டுக்கு வண்டியைத் திருப்பியிருக்கிறேன்.

'நாம்' என்ன? கேரளத்து அரசும் தன் பஞ்சாயத்துகளுக்கு அதையே செய்கிறது என்று சொல்ல வந்தாயா? இல்லை, நமக்குக் கேட்கத் தகுதியில்லை என்றா? லைப்ரரியில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. நாலு நாள் படித்தால் அழகான மறுபாதி ஒன்றை நானே கட்டிவிடுவேன், கைத்தட்டலும் வாங்குவேன். ஆனால் அது என் சரக்கு. அதையும் உன் வாயில் வைத்துப் பேச வேண்டாம். செய்தது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்லாறுக்குப் போனேன். உன் அண்ணனின் கடைக்குப் பின்னாலேயே வீடு. அம்மா காபி போட்டுக் கொடுத்தார். நான் பாத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். புரியும்படி, தமிழில், பதறாமல் சொன்னேன். எடுத்து வைத்ததைக் கேட்கத்தானே வேண்டும், சரிதான் என்று தலையாட்டினார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. மகள் பேசியது கடைசியில் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்ற மலர்ச்சி. பிறகு இன்னும் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் அவ பேச ஆரம்பிக்கறச்சே நான் நிறுத்திடுவேன்மா. ஜனங்களுக்கு அலுப்பா இருக்கும்னு. எஸ்டேட்டப் பத்திக் கேப்பேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. புரியாமல் என்னைப் பார்த்தார்.

"எஸ்டேட்டப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்? ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஹாஸ்டல்லதான வளந்தா. லீவுக்கு வந்தாலும் பொஸ்தகத்தோட உள்ளேயே கெடப்பா. அட்டையக் கண்டா அலறுவா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் கேட்டேன் என்பதற்காக, கூட்டத்தில் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதற்காக, யார் யாரோ சொல்லக் கேட்டதையெல்லாம் பொறுக்கிச் சொல்லியிருக்கிறாய். உன்னைத் தெரியாதா என்று சொன்னவளுக்காக.

வருகிற புதன்கிழமை ஹாலில் எழுந்து அந்தப் பாதியைச் சொல்லப்போகிறேன். மிச்சத்தைப் பேசவிடாதவள் நான்தான் என்றும் சொல்லப்போகிறேன். கூட்டம் என்ன நினைத்தால் என்ன. ஆனால் உன் அம்மா வாசல்வரை வந்து, பஸ் வரும் சத்தம் கேட்ட பிறகும் என் கையை விடாமல் கேட்டது வேறு. ஹாலில் எதைச் சொன்னாலும் அதற்குப் பதில் ஆகாது.

"இத்தனை பேரு வந்தீங்களே டீச்சரம்மா, மிச்சத்த ஒருத்தருமா கேக்கல?"