இருபத்துநான்கு பாதம்

பிப்ரவரி 3, திங்கள்

கோச் பட்டியலை வாசித்தார். அடுத்த மாதம் பல்கலைக்கழக அணித் தேர்வு. கல்லூரிக்கு ஒருத்திதான். நூறு மீட்டருக்கு சுண்டெலி போகிறாள். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத சுண்டெலி! எனக்கு இந்த மாதக் கல்லூரிப் போட்டியின் ரிலேயில் மூன்றாவது ஓட்டம். மூன்று வருடமாக இந்த மைதானத்து மண்ணைத் தின்றவளுக்குக் குச்சி தூக்கும் வேலை. "நீ வளைவுல நல்லா ஓடுவ, நெட்டை," என்றார். சமாதானம் சொல்கிறாராம்.

ரிலேயில் கடைசி ஆளும் அவள்தான். நான் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்க வேண்டும். நல்லா இருக்கு கதை.

பிப்ரவரி 4

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இந்த வருஷத்தோட மூட்டை கட்டிடு," என்றாள், துணி மடிப்பதை நிறுத்தாமலேயே. அணியில் இடம் இல்லையென்றால் படிப்போடு ஓட்டமும் முடிந்தது. அம்மா சொல்வது சரிதான். அதனால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 10

பயிற்சி. சுண்டெலி நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கித் தன் பாதங்களை ஒட்டி ஒட்டி வைத்து, இருபத்துநான்கு எண்ணித் தரையில் டேப் ஒட்டுகிறாள். நான் ஓடிவந்து அந்த டேப்பைத் தொட்டதும் அவள் திரும்பிப் பார்க்காமல் கிளம்ப வேண்டும். பத்து முறையில் ஒன்பது முறை குச்சி கச்சிதமாகக் கை மாறியது. "சூப்பர்க்கா!" என்று குதிக்கிறாள்.

பல்லக் காட்டாதடி.

பிப்ரவரி 11

தொடை பிடித்துக்கொண்டிருக்கிறது. எல்லார் மேலும் எரிச்சல்.

பிப்ரவரி 14

தோற்றோம் என்றுகூடச் சொல்ல முடியாது, பந்தயத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். சுண்டெலி சீக்கிரம் கிளம்பிவிட்டாள். கத்தினேன், கையை நீட்டினேன், எட்டவில்லை. குச்சி மாற்றும் எல்லைக்கோட்டைத் தாண்டித்தான் அது அவள் கைக்குப் போனது. சிவப்புக் கொடி.

கோச் எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஒழுங்கா அளந்து டேப் ஒட்டத் தெரியாதவளுக்கு ஸ்பைக்ஸ் ஷூ எதுக்கு? தேர்வுக்கு நெட்டை போகட்டும்!" அவள் டேப் ஒட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிப்ரவரி 15

எழுதித் தொலைக்கிறேன். அந்த டேப்பை ஒட்டியது நான்.

பந்தயத்துக்கு முன்னால் ஓடிவந்தாள். "அக்கா, ஸ்பைக்ஸ் ஆணி கழண்டுடுச்சு. முடுக்குற சாவி வாங்கிட்டு வந்துடுறேன். இருபத்துநாலு வச்சு ஒட்டிடுங்க." என் காலால் எண்ணி ஒட்டினேன். என் ஷூ எட்டாம் நம்பர், அவளுடையது ஐந்து. இருபத்துநான்கு பாதத்துக்கு இரண்டடி கூடிவிடும், அவள் அவ்வளவு முன்னதாகக் கிளம்பிவிடுவாள்.

மறந்துவிட்டேன். மறந்தேனா? பதினெட்டாவது பாதம் வைக்கும்போது உறைத்தது. ஏன் நிக்கல? நானுந்தானே தோத்தேன்? எந்தப் பைத்தியக்காரியாவது தானே கொண்டு போற குச்சிய —

பிப்ரவரி 19

உடை மாற்றும் அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவள் லேஸைக் கட்டிக்கொண்டே பேசினாள்.

"ரேஸ் முடிஞ்சதும் போய் அளந்து பாத்தேன். என் காலுக்கு இருபத்தாறுக்கு மேல வந்துச்சு."

அக்கா என்ற சொல் காணாமல் போயிருந்தது.

"கோச்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று எகிறினேன்.

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 20

சொல்லிவிட்டேன். கோச் விசிலை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"வேணும்னே செஞ்சியா?"

"தெரியல சார்."

"உனக்கே தெரியலன்னா நான் எங்க போய்க் கேக்குறது?" என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். நாளையிலிருந்து பயிற்சிக்கு வர வேண்டாம் என்றார்.

மார்ச் 8

தேர்வைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

சுண்டெலி இரண்டாவதாக வந்தாள். அணியில் இடம் கிடைத்துவிட்டது. முதலாவதாக வரவில்லையே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். பொய் எழுத இஷ்டமில்லை, சந்தோஷப்பட்டேன். அவள் என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எதிர்ப் பக்கமாக நடந்து போனாள்.