முப்பது டிகிரிக்குக் கீழே

நிலவுத் தென்முனை நீர் நிலையம்
பதிவு: பூங்கோதை, வேதியியலாளர்

திங்கள், 06:10
எல்லாம் வழக்கம்போல். குழாயில் இரண்டு கசிவு. இரண்டையும் 'கோர்வை'யே அடைத்துவிட்டது. குழாய் நீரில் கலக்க நாங்கள் செய்த மூலக்கூறு அது. வெந்நீரில் தனித்தனியாக மிதக்கும். முப்பது டிகிரிக்குக் கீழே போனால் ஒன்றையொன்று பற்றி இழையாகும், வலையாகும், நீரை ஜெல்லியாக்கும். யாரும் ஏவ வேண்டாம். இங்கே தனியாக இருக்கும் என்னைத்தான் பூமியிலிருந்து எல்லாவற்றுக்கும் ஏவுகிறார்கள்.

புதன், 07:30
மேசையில் ஆறிப்போன குடிநீரைக் கவிழ்த்தேன். விழவில்லை.

வடிகட்டி, கோர்வை பின்னிய வலையைப் பிடிக்கும். தனி மூலக்கூறு நழுவி வந்துவிடும். இத்தனை நாளும் அதைத்தான் குடித்திருக்கிறேன். உடம்புச் சூட்டில் சும்மா கிடக்கிறது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பார்கள். யாருக்கு என்று சொல்வதில்லை.

வியாழன், 11:00
சூரியத் தகடு பழுது. மின்கலம் மட்டும்தான். அறையில் பன்னிரண்டு டிகிரி. விரல்கள் மடங்கவில்லை, ஹீட்டரில் காட்டினால் இளகுகின்றன. அலுத்துப்போய் அதன் மேலேயே சாய்ந்து கிடக்கிறேன்.

என்னை மீட்க நாச்சியப்பனும் மூன்று பேரும் கப்பலில் வருகிறார்கள். போன முறை என் தொட்டியில்தான் தண்ணீர் நிரப்பிப் போனார்கள்.

வந்த செய்தி: "அக்கா, ஹீட்டரை நிறுத்திட்டு கரண்ட் முழுக்க எஞ்சினுக்கு விட்டுட்டோம். பாதையையும் மாத்திட்டோம், சீக்கிரம் வந்துருவோம். எல்லாருக்கும் கை வெறைச்சுப் போச்சு. குளிருதான்."

குளிர் இல்லை, தம்பி.

பதில் சொல்வதற்குள் நிலவின் மறுபக்கம் போய்விட்டார்கள், அங்கே அலை எட்டாது. எப்போது வெளிவருவார்கள் என்று தெரியாது. ஆன்டெனா ஓயாமல் கூப்பிட வேண்டும். ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் மின்கலம் தாங்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஹீட்டரை நிறுத்திவிட்டேன்.

வியாழன், 16:40
விரல் போய்விட்டது. சொல்லச் சொல்லக் கணினி எழுதிக்கொள்கிறது. அறை உறைநிலைக்குக் கீழே. இடது கண்ணில் பால் ஊற்றியதுபோல் இருக்கிறது. ஒரே செய்தி திரும்பத் திரும்பப் போகிறது: ஹீட்டரைப் போடுங்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

வியாழன், 19:05
"கேட்டுருச்சு அக்கா. ஹீட்டர் போட்டுட்டோம், கை எளகுது. நாலு பேரும் நல்லா இருக்கோம். நீங்க ஹீட்டரை விட்டு நகராதீங்க."

அழுகை வருகிறது. கண்ணீர் கன்னத்திலேயே கெட்டியாகி நிற்கிறது.

இனி ஆன்டெனா வேண்டாம். ஹீட்டர் பொத்தான் எதிரில்தான், கையால் மட்டுமே அழுத்த முடியும். கை எழவில்லை. முழங்கையால் அழுத்தப் பார்த்தேன். தோளும் அசையவில்லை.

தம்பி, உள்ளே வந்ததும் முதலில் அறையைச் சூடாக்கு. நான் இளகும்வரை என்னைத் தூக்கா