பன்னிரண்டு டிகிரி

ஜூன் 9

காலையில் ஒரு பழைய ஜீப். மதியத்துக்குப் பிறகு வேலை இல்லை. திருத்தங்கலில் டைமிங் லைட் வைத்திருக்கும் பட்டறை சோணைமுத்து அண்ணனுடையது மட்டும்தான். புது வண்டிகளுக்கு அது வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர். பழைய பெட்ரோல் வண்டிக்காரர்கள்தான் எங்களைத் தேடி வருகிறார்கள்.

அம்மா இன்றும் அடுத்த தெருக் குழாய்க்குத்தான் போனாள்.

ஜூன் 12

பட்டாசு ஆலை விபத்து விசாரணை அறிக்கையின் ஒரு வரி எனக்கு மனப்பாடம். ‘இறந்துபோன வேலுத்தாய் என்பவர் விதிகளுக்கு மாறாகக் கைப்பேசியை மருந்து அறைக்குள் கொண்டு சென்றதே விபத்துக்குக் காரணம்.’

அக்காவின் போன் அன்று என்னிடம் இருந்தது. மதுரையில். என்னுடையது உடைந்துவிட்டது என்று வாங்கிப் போயிருந்தேன். நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் போனில்தான் எனக்குச் செய்தி வந்தது.

விசாரணையில் சொன்னேன். இன்னொரு போன் வைத்திருந்திருக்கலாம் என்றார்கள். அவள் கையில் பார்த்ததாக ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். யார் என்று சொல்லவில்லை. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர் இருந்ததை ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

செத்தது அக்காவோடு சேர்த்து நான்கு பேர். மற்ற மூவரையும் அவள்தான் கொன்றாள் என்று தெரு நம்புகிறது. மூவரும் எங்கள் தெருதான்.

தத்துவத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. அப்படியே விட்டுவிட்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது.

ஜூன் 20

அய்யாதுரையின் கார் வந்தது. பட்டாசுக் கம்பெனி முதலாளி அய்யாதுரை. அக்கா வேலை பார்த்த கம்பெனி.

ஐம்பது வருஷத்துப் பெட்ரோல் அம்பாசிடர். அவருடைய அப்பா வாங்கியது. ஒவ்வொரு சீசனிலும் முதல் லோடு கிளம்பும்போது லாரிக்கு முன்னால் இந்தக் கார் போக வேண்டும், விருதுநகர் வரைக்கும். போகாத வருஷமே இல்லையாம்.

டிரைவர் முனியராஜ் அண்ணன் பானெட்டைத் திறந்துகொண்டே சொன்னார்: “பாத்துச் செய்யுங்க. இத வண்டின்னு சொன்னாக்கூட மொதலாளிக்குக் கோவம் வந்துரும். அப்பான்னுதான் சொல்லணும்.”

சோணைமுத்து அண்ணன், “அப்ப அப்பாவுக்கு என்ன செய்யுது?” என்றார்.

“மூச்சு வாங்குறாரு.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்க முடிகிறதே.

“நீயே லைட்டப் பிடி, எனக்குக் கண்ணு கூசுது” என்று கையில் கொடுத்துவிட்டார் சோணைமுத்து அண்ணன். நாளை செய்கிறேன் என்றேன்.

ஜூன் 21

எழுதி வைக்க வேண்டும். மறந்துபோகும் என்பதற்காக இல்லை.

டைமிங் லைட் என்ன செய்யும்? முதல் சிலிண்டரின் பிளக் வயரில் கிளிப்பை மாட்டினால், பொறி விழும் ஒவ்வொரு முறையும் ஒரு முறை மின்னும். முன்பக்கம் சுற்றும் புல்லியின் மேல் அடித்தால் புல்லி நின்றுவிட்டதுபோல் தெரியும். புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு. எதிரே இன்ஜின் உடம்பில் ஒரு முள். வெட்டு முள்ளுக்கு நேரே நின்றால் பொறி சரியான நேரத்தில் விழுகிறது. இல்லாவிட்டால் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும்.

லைட் பொய் சொல்லாது. ஆனால் அது குறியை மட்டும்தான் பார்க்கும்.

சோணைமுத்து அண்ணன் சாப்பிடப் போனதும் பழைய வெட்டை எம்-சீல் வைத்து அடைத்தேன். சுழலும் திசையில் பன்னிரண்டு டிகிரி முன்னால் – ஒரு சுண்டுவிரல் அகலம் – முக்கோண அரத்தால் புது வெட்டு. புல்லி முழுக்கக் கறுப்புப் பெயின்ட். புது வெட்டில் மட்டும் வெள்ளை. பிறகு லைட்டை மாட்டி, பொய்க் குறி முள்ளுக்கு நேரே நிற்கும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினேன்.

இனி எவன் லைட் அடித்தாலும் சரியாகவே காட்டும். பொறி மட்டும் பன்னிரண்டு டிகிரி முந்தி விழும். பிஸ்டன் மேலே வருவதற்குள் மருந்து பிடித்துக்கொண்டதுபோல. இன்ஜின் தட்டும். சுடும். ஒருநாள் எரியும்.

பிளக்கைக் கழற்றி பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்க மாட்டார்கள். எழுதி வைத்தது கையில் இருக்கும்போது யார் உள்ளே பார்க்கிறார்கள்?

ஜூன் 22

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 14

முனியராஜ் அண்ணன் வந்தார். மேட்டில் ஏறினால் டக்டக் என்று தட்டுகிறதாம்.

சோணைமுத்து அண்ணன் லைட் அடித்தார். வெள்ளைக் குறி முள்ளுக்கு நேரே, அசையாமல். “கோயில் செலையாட்டம் நிக்கிது. டைமிங்ல ஒண்ணுமில்ல. பெட்ரோல் மோசமா இருக்கும்.”

“மருதையிலயும் இதத்தான் சொன்னாக. கார்பரேட்டர மாத்தியாச்சு. கண்டன்சர் மாத்தியாச்சு. இனி நாந்தான் பாக்கி, என்னையும் மாத்திருவாரு.”

நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா, நீ பார்க்கிறாயா?

ஆகஸ்ட் 18

முதல் லோடு.

பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மாலை போட்ட கார், அதற்குப் பின்னால் மாலை போட்ட லாரி. ஆமத்தூர் தாண்டவில்லை. காரின் பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் புகை. ஒரு சத்தம். நின்றுவிட்டது.

அய்யாதுரை வெயிலில் இறங்கி நின்றார். லாரிக்காரன் காத்துப் பார்த்தான். பிறகு ஹாரன்கூட அடிக்காமல் காரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்காகத்தான் போனேன். டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன். அவர் முகத்தை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டேன்.

முதல் சிலிண்டர் பிஸ்டனில் ஓட்டை என்று சாயங்காலம் தெரிந்தது.

ஆகஸ்ட் 19

முனியராஜ் அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டி இன்ஜினை எரித்துவிட்டார் என்று.

இதை நான் யோசிக்கவில்லை. ஏன் யோசிக்கவில்லை?

ஆகஸ்ட் 21

முனியராஜ் அண்ணன் பட்டறைக்கு வந்தார். சோணைமுத்து அண்ணன் இல்லை. கவிழ்த்துப்போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்தார்.

“தண்ணி ஊத்துனேன் தம்பி. கெளம்புறப்ப நானே ஊத்துனேன். இப்ப வாட்ச்மேன் சொல்றான், ஊத்தல, நா பாத்தேன்னு. அவன் அன்னைக்கு லீவு. பாக்காதவன் பாத்தேங்கான்.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீ யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும். உன் அக்கா கையில போனப் பாத்தேன்னு எழுதிக் குடுத்தது நாந்தாம்லே. நா அன்னைக்கு பேக்டரிலயே இல்ல. மொதலாளிய ஏத்திக்கிட்டு ஆலங்குளம் போயிருந்தேன். வந்ததும் கையெழுத்துப் போடுன்னாக. போட்டேன்.”

எழுந்து போய்விட்டார். கையில் இருந்த ஸ்பேனரை நான் கீழே வைக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஆகஸ்ட் 22

இன்று முழுக்க இனித்தது. குறி பார்க்காமல் எறிந்தேன். சரியான ஆள்மேல் விழுந்திருக்கிறது. பேரு கெட்டுத் தெருவுல நிக்கட்டும். வேணும். நல்லா வேணும்.

அம்மாவிடம் சொன்னேன். நான் செய்ததையும், அவர் செய்ததையும். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“கெடக்கட்டும் விடு. நாலு பேரு அவனையும் பேசட்டும். அவன் பொண்டாட்டியும் தெருத் தெருவா அலையட்டும்.”

அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குரல் என்னுடையது மாதிரியே இருந்தது.

ஆகஸ்ட் 24

அவர் எழுதிக் கொடுத்ததற்காக வேலை போகவில்லை. நான் வெட்டியதற்காகப் போனது. இரண்டும் ஒன்றில்லை. ஒன்றாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.

அக்காவுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். அக்காவின் பேர் இதில் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 27

அய்யாதுரை வீட்டுப் பின்பக்கக் கொட்டகை. சோணைமுத்து அண்ணன் இன்ஜினின் தலையைக் கழற்றி வைத்திருந்தார். அய்யாதுரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முனியராஜையும் வரச்சொல்லி நான்தான் ஆள் அனுப்பியிருந்தேன். வாசலிலேயே நின்றார்.

இன்ஜினைக் கையால் சுற்றினேன். ஓட்டை விழுந்த பிஸ்டன் உச்சிக்கு வந்தது. உச்சியைக் காட்டும் முள்ளைக் காட்டினேன். வெள்ளைக் குறி அதைத் தாண்டி ஒரு சுண்டுவிரல் தள்ளி நின்றது. சோணைமுத்து அண்ணன் குனிந்தவர் நிமிரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் பெயின்ட்டைச் சுரண்டி எம்-சீலைப் பெயர்த்தேன். பழைய வெட்டு, முள்ளுக்கு நேரே.

“இது கம்பெனிக்காரன் வெட்டுனது. அது நான் வெட்டுனது. முனியராஜ் தண்ணி ஊத்துனாரு. அவர்மேல தப்பில்ல.”

அய்யாதுரை கோபப்படவில்லை. “ஏன்லே?” என்றார், விளங்காத கணக்கைக் கேட்பதுபோல.

“நான் வேலுத்தாய் தம்பி.”

“எந்த வேலுத்தாய்?”

நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

“உங்க மருந்து அறையில செத்தவ. போன் கொண்டுபோனான்னு நீங்க எழுத வச்சவ.”

சோணைமுத்து அண்ணன் என்னை அறைந்தார். அவருடைய பட்டறைப் பேருக்காக அறைந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. போலீஸைக் கூப்பிடவா என்று கேட்டார். அய்யாதுரை வேண்டாம் என்று கையசைத்தார். “சீசன். அந்தக் கதை ஸ்டேஷன்ல எதுக்கு? இவன வெளிய அனுப்பு.”

எனக்கு வேலை போய்விட்டது.

செப்டம்பர் 3

முனியராஜுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. கம்பெனி வேனில் போகிறார். என்னைப் பார்த்தார். நிறுத்தவில்லை. எதற்கு நிறுத்த வேண்டும், உங்கள் பொய்யைத் திரும்ப எடுங்கள் என்று நான் பேரம் பேசவில்லையே. பேசியிருக்கலாம். பேசியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 4

அவரை வெறுப்பதில் எந்தக் குறையும் வரவில்லை. பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 19

கதவைத் தட்டியது முனியராஜ். கையில் வெள்ளைத்தாள்.

“நா எழுதிக் குடுத்தது பொய்யின்னு எழுதணும். ஆபீசுக்கு எழுதுற தமிழ் எனக்கு வராது. நீ எழுது. நா சொல்றத மட்டும் எழுது.”

அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. நின்றுகொண்டே சொன்னார், நான் எழுதினேன். அந்த அறையில் வழக்கமாக ஒன்பது பேரை உட்கார வைப்பார்கள் என்பதையும் அவரே சொன்னார். நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

“என்ன ஆகும்னு தெரியும்ல?” என்று கேட்டேன்.

“தெரியாமலா? வேலையில்லாம இருந்த பத்து நாளும் அதத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்.”

செப்டம்பர் 22

விருதுநகர். விசாரணை அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். இரண்டு பேரும் வேறு வேறு பெஞ்சில்.

எழுத்தர் மனுவைப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். “போன வருஷம் பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. இந்த வருஷம் பாக்கலங்கிறீங்க. பொய்ச் சாட்சின்னு உங்கமேலயே கேஸ் வரும். பரவாயில்லையா?”

முனியராஜ் பேனாவுக்குக் கை நீட்டினார்.

முத்திரை விழுந்தது. விசாரணையைத் திறப்பார்களா என்று தெரியாது. திறந்தாலும் வருஷக்கணக்கில் ஆகும். பதிவு எண் எழுதிய துண்டுச் சீட்டு என் பையில் இருக்கிறது. அதில் மனுவின் பொருள் என்ற இடத்தில் அக்காவின் பேர்.

மன்னித்தேனா? இல்லை. திரும்பும் பஸ்ஸில் அவர் முன்னால், நான் கடைசி இருக்கையில். கண்டக்டர் வந்தபோது திருத்தங்கலுக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன். இன்னொன்று யாருக்கு என்றார்.

காட்டினேன்.