முன்பாதி கறி, பின்பாதி பால்

மார்ச் 3, 1994, வியாழன்

நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில் முத்திரைக் குழு கூடியது. எங்கள் மாவட்டமான ஹோல்ப்ரூக் கவுண்டியின் பழைய முத்திரை தேய்ந்துவிட்டது. அதில் ஏர் உழும் மனிதன், துடைப்பத்தோடு சண்டை போடுகிறவன் மாதிரி தாளில் பதிகிறான். புதிதாக ஒன்று அமைக்க மூன்று பேர்: டீச்சரான நான், கறிமாடு வளர்க்கும் எமெட், பால்பண்ணை வைத்திருக்கும் கோர்டன். ஜூனில் நான் எமெட்டை மணக்கப் போகிறேன், அறுபத்தாறு வயதில். அது ரகசியம் என்று அவர் நம்புகிறார். ஊரில் கல்யாணக் கேக்கைப் பற்றியே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

மாடுதான் சின்னம் என்பதில் தகராறு இல்லை. ஆனால் எந்த மாடு?

"பால் கறக்காதது மாடா? நாலு கால் வெச்ச மேசைய்யா அது," என்றார் கோர்டன்.

"உன் மாட்டை அடுப்புல வெச்சா செருப்புதான் வரும்," என்றார் எமெட்.

காபி ஆறிப்போனது.

மார்ச் 17

இரண்டு பிள்ளைகள் ஒரே ஆப்பிளுக்கு அடித்துக்கொண்டால் வகுப்பில் என்ன செய்வேன்? பாதியாக வெட்டுவேன். மாட்டையும் அப்படியே செய்தேன். முன்பாதி கறிமாடு, பின்பாதி பால்மாடு. எமெட்டுக்கு அவர் கறிமாட்டின் வெள்ளை முகம், கோர்டனுக்கு மடி. மற்றவனை ஏமாற்றிவிட்டோம் என்று இருவருக்கும் பரம திருப்தி. படம் வரைந்த பெண் மட்டும், "டீச்சர், நிஜமாவே இதுதான் வேணுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

முத்திரையை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்ற விதிகளை நானே எழுதினேன். பத்திரங்களில் முத்திரை குத்தும் கவுண்டி கிளார்க்கைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. அனுமதி இல்லாமல் தொப்பியிலோ டிராக்டரிலோ கேக்கிலோ போடக்கூடாது. எந்தத் தீர்மானமும் பத்திரமும் உரிமமும் முத்திரை பதித்த பிறகே செல்லும். குழப்பத்துக்கே இடமில்லாத விதிகள்.

ஏப்ரல் 5, செவ்வாய்

கவுண்டித் தலைவன் டுவைட் என் பழைய மாணவன். கேள்வியைப் படிப்பதற்குள் விடை எழுதுகிறவன். புதிய முத்திரையை ஏற்கும் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. பழைய முத்திரை தவறான கைக்குப் போய்விடக் கூடாதென்று, வாசற்படியில் வைத்து வெல்டிங் டார்ச்சால் இரண்டாக அறுத்தார்கள். பள்ளி பேண்டு வாசித்தது.

கிளார்க் ஓப்பல் மெதுவாகக் கேட்டாள்: "டுவைட், இந்தத் தீர்மானத்துல முத்திரை குத்தணுமே?"

"குத்துங்க. புதுசு இதோ இருக்கே."

"தீர்மானம் செல்லுபடியானாத்தான் அது முத்திரை. இப்ப அது வெறும் இரும்பு."

"அப்ப பழசால குத்துங்க."

படியில் புகைந்துகொண்டிருந்த இரண்டு துண்டுகளையும் எல்லோரும் பார்த்தோம். பேண்டு மட்டும் நிறுத்தவில்லை.

ஏப்ரல் 6

பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் என்ன ஆகும்? மூன்றாம் வகுப்புக்கே புரிந்த உதாரணம். டுவைட்டிடம் பொறுமையாகச் சொன்னேன்.

"பூட்டை உடைச்சிடலாமா டீச்சர்?"

நேற்று அதைத்தானே செய்தாய், கண்ணு.

ஏப்ரல் 20

முத்திரை இல்லாததால் யாரும் நிலம் விற்க முடியவில்லை. இதற்கு என்ன வழி என்று மாநில வக்கீல் யோசிக்கிறாராம்.

எமெட்டின் இதய வால்வு பழுதாம். மே 10-ல் அறுவை. கல்யாணத்துக்கு ஜூன் வரை காத்திருக்க முடியாது.

"டென்வர்ல இருக்கற என் பையன் என்னைப் பாத்தே வருஷக்கணக்காச்சு. எல்லாத்தையும் போன்லயே முடிவு பண்ணிடுவான்," என்றார். "நான் மயக்கத்துல கிடக்கறப்ப எனக்காகப் பேச வேண்டியது நீதான், அடலின்."

மனைவி என்றால்தான் ஆஸ்பத்திரியில் பேச விடுவார்கள். திருமண உரிமம் கேட்டு ஓப்பலிடம் போனோம். அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், "முத்திரை இல்லாம எப்படித் தர்றது? நீங்க எழுதின விதிதானே டீச்சர்," என்றாள்.

ஏப்ரல் 29

பக்கத்து ஸ்டிம்சன் கவுண்டியில் உரிமம் வாங்கலாம் என்றேன். அவர்கள் முத்திரையில் இருப்பது பன்றி.

"பன்னி முத்திரைல கல்யாணமா? எங்கப்பா அந்தப் பக்கம் பெட்ரோல்கூடப் போட்டதில்ல!" என்று கத்தினார் எமெட்.

என்ன மனுஷன் இவர்? உயிர் ஊசலாடுது, பன்னி மேல கோவமாம்! எனக்கு அவர் வேணும். அது அந்த மண்டைல ஏறவே மாட்டேங்குது. கதவை அறைஞ்சு சாத்திட்டு வந்துட்டேன். சாப்பிடல.

மே 3

கோர்டனை எமெட் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வேறு யார் பேச்சையும் அவர் கேட்கமாட்டார். எதிரி பேச்சை மட்டும் காது கொடுத்துக் கேட்பார்.

"எமெட், பன்னி பால் கறக்குமா?"

"கறக்காது."

"அப்ப அது எந்தக் கட்சி?"

எமெட் தாடையைத் தேய்த்தார். "கறிக் கட்சி."

"முன்னாலயும் பின்னாலயும் முழுசா கறிய்யா. இங்க உனக்குக் கிடைச்சது பாதி."

எமெட் எழுந்து தொப்பியைத் தேடினார்.

மே 5

ஸ்டிம்சன் கிளார்க், "அரை மாட்டுக்காரங்களா? வாங்க, வாங்க!" என்றார். நடைவழியிலேயே நீதிபதி மணம் செய்துவைத்தார். கோர்டன் சாட்சி, அழுதார். கண்ணில் தூசி என்றார்.

மே 9

பசுவின் திசுவில் செய்த வால்வைப் பொருத்துவார்களாம். எமெட்டுக்கு ஒரே பெருமை. நர்ஸிடம் எந்த இனப் பசு என்று கேட்கிறார்.

மே 10

உள்ளே கொண்டுபோனார்கள்.

பாதியில் கதவு திறந்தது. எமெட்டின் மனைவி யார் என்று கேட்டார் ஒரு டாக்டர். எழுந்து நின்றேன். பசு வால்வு அளவுக்குச் சரிவரவில்லையாம். கைவசம் சரியாகப் பொருந்துவது பன்றி வால்வுதான். "டென்வர்ல இருந்து மகன் போன்ல இருக்கார். எதுக்கும் சம்மதிக்காதீங்கன்னு கத்தறார். ஆனா சட்டப்படி நீங்கதான் சொல்லணும்."

கையெழுத்துப் போட்டேன்.

மே 16

நேற்றிலிருந்து சூப் குடிக்கிறார். மாநில வக்கீல் இன்னும் யோசிக்கிறாராம். இன்று கன்னத்தில் நிறம் வந்திருந்தது. என் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"நல்லா அடிக்குது பாரு. எந்த மாடுன்னு கேட்டியா? கறியா, பாலா?"

"முழுசா கறி," என்றேன்.

திருப்தியாகத் தூங்கிவிட்டார். தையல் ஆறட்டும், அப்புறம் சொல்கிறேன்.