தெருவெல்லாம் நாத்தனார்

என்னங்க,

இன்று காலை உங்கள் பென்ஷனை என் பெயருக்கு மாற்றும் வேலையாகப் பல்லாவரம் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிராமல், "இறந்தவருக்கு நீங்க என்ன உறவும்மா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவள் இப்படிச் சிரித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "முதல்ல அவர் எனக்கு அண்ணன்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, "மனைவி" என்றேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள், பாவம்.

வீடு திரும்பும்போது நம் கோவிலம்பாக்கம் வரை பஸ்ஸில் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நீங்கள் எங்கள் பம்மல் தெருவுக்கு வந்தீர்கள். மனிதக் குடும்பம் எப்படித் தோன்றி, கூட்டமாகி, ஊராகி, அரசாக வளர்ந்தது என்று ஆராய்ச்சி. அதற்குக் காட்டுக்கோ மலைக்கோ போவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உங்கள் பேராசிரியர் பம்மலுக்கு அனுப்பியிருந்தார். தோல் தொழிற்சாலை நாற்றம் தாங்காமல் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நீங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, குழாயடியில் நின்றிருந்த பிலோமினா அத்தைதான் முதலில் மறித்தார்.

"இன்னா தம்பி, மூஞ்சிய மூடிகினு வர்ற? கொள்ளையடிக்கவா?"

உடனே கைக்குட்டையை அவிழ்த்துப் பைக்குள் வைத்தீர்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் நீங்கள் எங்கள் தெருவில் மூக்கைப் பொத்தியதில்லை. எனக்கு உங்களைப் பிடித்துப்போனது அதனால்தான். இதை உங்களிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று.

பிலோமினா அத்தை எங்களுக்கு ரத்த உறவு இல்லை. அப்பா அவரைச் சின்ன வயதிலிருந்து அக்கா என்று கூப்பிட்டார், ஆகவே எனக்கு அத்தை. எங்கள் தெருவில் உறவு என்பது அவ்வளவுதான். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அதுவே முறை. ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் கல்வெட்டு மாதிரி.

இது தெரியாமல் நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். உங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் அம்மா வயதுள்ள பெண்களையெல்லாம் சித்தி என்று கூப்பிடுவது மரியாதையாம். வீடு வீடாகப் போய், "சித்தி, கொஞ்சம் தண்ணி தருவீங்களா?" என்றீர்கள். எங்கள் தெருப் பெண்கள் உருகிவிட்டார்கள். சித்தி என்று கூப்பிட்டவன் பிள்ளை அல்லவா? பெண் குழந்தைகள் இருக்கிற வீட்டில்கூட அடுப்படிவரை வரலாம். ஒரே வாரத்தில் அந்தச் சித்திகள் பெற்ற பெண்களெல்லாம் உங்களுக்குத் தங்கச்சி ஆனார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

ஆண்களை முக்கோணமாகவும் பெண்களை வட்டமாகவும் போட்டு ஒவ்வொரு வீட்டு வம்சத்தையும் வரைந்தீர்கள். என்னை வட்டமாகப் போட்டதில் எனக்குக் கோபம். அப்போது நான் எவ்வளவு ஒல்லி!

உங்கள் புத்தகத்தில் முதலில் குடும்பம், பிறகு குலம், பிறகு தலைவன், கடைசியில் அரசு. எங்கள் தெருவில் முதலில் வந்தது குழாய். அடுத்து வந்தது சண்டை. அப்புறம் பிலோமினா அத்தை. குடம் வைக்கிற வரிசை, பிள்ளைத்தாச்சிக்கு முதல் குடம், தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு அடுத்தது, வாய்ச்சண்டை போட்டவளுக்குக் கடைசி என்று எல்லாச் சட்டமும் அவர் போட்டதுதான். நீங்கள் பேனாவைத் திறந்துகொண்டு, "உங்களை யார் தலைவியாத் தேர்ந்தெடுத்தாங்க, சித்தி?" என்று பவ்வியமாகக் கேட்டீர்கள்.

"தண்ணி வராதப்போ எவனும் வந்து கேக்கல. இப்ப கேக்க வந்துட்டியா? நவுரு, கொடம் நெறையுது."

எங்கள் வீட்டு வம்சம் அவ்வளவு நீளமில்லை. ஆனாலும் அதை எழுதி முடிக்க உங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. அம்மா சுடச்சுட தோசை வார்த்துப் போடுவாள். அடுப்புக்குப் பக்கத்தில் மணையைப் போட்டுக்கொண்டு, கை அம்மாவின் தோசையிலும் பார்வை என்மேலுமாக உட்கார்ந்திருப்பீர்கள். அம்மாவுக்கு அது தெரியவேயில்லை. அண்ணன் தங்கச்சியைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

கடைசியில் அப்பாவிடம் நேரே வந்து பெண் கேட்டீர்கள். அவருக்குச் சந்தோஷம். நீங்களும் எங்களைப்போல் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம், படித்த பையன், கெட்ட பழக்கம் இல்லை. அம்மாதான் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டாள்.

"என்னைச் சித்தின்னு கூப்ட்டவன். எனக்குப் புள்ள, இவளுக்கு அண்ணன். தூ, கேக்கவே கூசுது!"

பங்குச் சாமியாரிடம் போனீர்கள். ரத்த சம்பந்தம் இல்லை, திருச்சபைக்குத் தடை ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லியனுப்பினார். "சாமிக்குக் குடும்பமா குட்டியா, அவருக்கு முறையைப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டுவிட்டாள் அம்மா. அதோடு நிற்காமல், செங்கல்பட்டில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒருவருக்கு என்னைப் பேசவும் தொடங்கினாள். தவக்காலம் வந்துவிட்டால் கல்யாணம் கிடையாது, அதற்குமுன் முடித்துவிட வேண்டும் என்று அவசரம் வேறு. நான் சாப்பிடாமல் கிடந்தேன். வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, அந்த நாட்களில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வழக்கு குழாயடிக்கு வந்தது. தெருவே கூடியிருந்தது. நீங்கள் பெரிய தாளில் முக்கோணமும் வட்டமும் வரைந்து கொண்டுவந்து குழாய்க் கம்பத்தில் ஒட்டினீர்கள். குச்சியால் சுட்டிக்காட்டி, வகுப்பில் பாடம் எடுப்பதுபோல், "இது உண்மையான உறவு இல்லைங்க. சும்மா கூப்பிடற உறவு. கற்பனை உறவுன்னு இதைச் சொல்வாங்க" என்றீர்கள்.

பிலோமினா அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப சித்தி சித்தின்னு துன்னியே தோசை, அதுவும் கற்பனைதானா?"

உங்கள் குச்சி கீழே இறங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும். நீங்கள் தாளைப் பார்க்காமல் என் அம்மாவைப் பார்த்து, "இல்லைங்க, தோசை நிஜம்தான். நான் சொன்னது தப்பு" என்றீர்கள். அத்தைக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாயைத் திருகி மூடிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"எனக்குப் புள்ள இல்ல. இவனுக்கு அம்மா இல்ல. இன்னிலேருந்து இவன் என் புள்ள. இவ அப்பன் எனக்குத் தம்பி. அப்ப இவன் இவளுக்கு இன்னா வேணும்? அத்தை மவன். கட்டிக்கலாம். மத்த வூட்ல எல்லாம் பழைய முறைதான். அங்க எதுனா கண்ணு போச்சு, கால ஒடச்சிடுவேன். எங்க, என்னை அம்மான்னு கூப்டு."

எல்லாரும் காத்திருந்தோம். உங்கள் அம்மா நீங்கள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். அந்தச் சொல்லை எத்தனை காலமாக உங்கள் வாய் சொல்லவில்லையோ, எனக்குத் தெரியாது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. அத்தை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, கொடத்தைத் தூக்கு" என்றார்.

அம்மாவுக்கும் வேறு வழியில்லை. முறையென்று வந்துவிட்டால் அவள் முறைக்குக் கட்டுப்பட்டவள். "இனிமே நான் உனக்கு மாமியார். அடுப்படிக்குள்ள காலை வெக்காதே" என்றாள். அன்றோடு உங்களுக்குச் சூடான தோசை போயிற்று. மாப்பிள்ளை என்று முன்னறையில் உட்காரவைத்து, ஆறிப்போனதைத்தான் மரியாதையாகப் பரிமாறினார்கள். கல்யாணத்துக்கு ஊரிலிருந்து வந்த உங்கள் அப்பா, தமக்குத் தெரியாமல் மகனுக்குப் பம்மலில் ஓர் அம்மா இருப்பதைக் கண்டு திகைத்து நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

நீங்கள் ஒற்றைப் பிள்ளை, நாத்தனார் தொல்லை இல்லை என்று நிம்மதியாகக் கழுத்தை நீட்டினேன். அத்தையின் தீர்ப்பில் இருந்த வில்லங்கம் பிறகுதான் புரிந்தது. மற்ற வீடுகளில் பழைய முறை என்றால், தெருவெல்லாம் உங்கள் தங்கச்சிகள். எனக்குத் தெருவெல்லாம் நாத்தனார்! பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, என்னோடு ஒரே பெஞ்சில் டைப்ரைட்டிங் படித்தவள், கல்யாணத்துக்கு மறுநாளே அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தாள். "எங்க அண்ணா எளச்சிட்டாரு" என்று என் குழம்பை ருசிபார்த்து முகம் சுளித்தாள். அவள் பிள்ளைகளுக்குக் காது குத்தும்போதெல்லாம் நீங்கள் தாய்மாமனாகப் போய் உட்கார்ந்தீர்கள். பிலோமினா அத்தை போனபோது, பிள்ளையாக முதல் பிடி மண்ணை நீங்கள்தான் போட்டீர்கள். அன்று வீடு திரும்பி நீங்கள் அழுத மாதிரி வேறெப்போதும் அழுது நான் பார்த்ததில்லை.

இப்போது உங்களுக்கும் மண் போட்டாயிற்று. வீட்டில் பேச்சுத்துணை இல்லாமல் மனசு உங்களை ரொம்பத் தேடுகிறது. பென்ஷன் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஸ்டெல்லா தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலியோடு பம்மலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏண்டி, உன் அண்ணனே போயிட்டார். இனிமே எதுக்கு இந்த முறையெல்லாம்? பழையபடி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு, இப்படி அலையாதே" என்றேன்.

அவள் தட்டை எடுத்துவைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணாதான போனாரு? அண்ணி இங்கதான கீறீங்க? பேசாம துன்னுங்க."

சாப்பிட்டேன். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்தான். நாத்தனாரிடம் அதைச் சொல்ல முடியுமா?