வாசிக்காமல் போட்ட ஒப்பு

என் உயிரான ஞானம்மா மைனிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் கல்லறையில் பூ வைத்துவிட்டு வாய் திறக்காமல் திரும்பிவிடுவேன். இன்று பேசாமல் இருக்க முடியவில்லை. உங்களைக் கட்டின மாப்பிள்ளையை, என் கூடப்பிறந்த அண்ணனை, நானே காட்டிக்கொடுத்துவிட்டேன் மைனி. தெரியாமல்தான் செய்தேன். ஆனாலும் என் கைதானே!

உங்கள் மகள் மேரி என்னோடுதான் இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு. நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் தினமும் ஒரே கேள்வி: "அத்தே, அப்பா எப்ப வருவாவ?"

தமிழ் பேசுகிற தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி ஊரெல்லாம் ஊர்வலம் நடக்கிறது. அண்ணனும் போனார். அன்று நான் மரச்சீனிக் கிழங்கு விற்கப் புதுக்கடைச் சந்தைக்குப் போயிருந்தேன். ஊர்வலம் அங்கே வந்ததும் போலீஸ் துப்பாக்கி வெடித்தது மைனி. சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போது அண்ணனைப் பார்த்தேன், கூட்டத்து நடுவில் வெறுங்கையோடு நின்றார். அதன்பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. எங்கே இருக்கிறார் என்று இதில் எழுத மாட்டேன். காகிதத்தை நம்பி நான் பட்டது போதும்.

நாலாம் நாள் போலீஸ் வந்தது. ஏட்டு மலையாளத்தில் கேட்டார், நானும் மலையாளத்தில் பதில் சொன்னேன். நம் பக்கத்தில் யாருக்குத்தான் அது வராது? அதிகாரியிடம் அவர் பாஷையில் பேசினால் கொஞ்சம் இரங்குவார் என்று ஒரு நப்பாசை. அண்ணன் கையில் கல் இல்லை என்றேன். எழுதினார். நான் சொன்னதையே திருப்பி வாசித்தும் காட்டினார். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. காது நிறையக் கேட்டோமே என்று அடியில் என் பெயரெழுதி ஒப்பு போட்டேன். அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. என்ன புத்தி எனக்கு!

நீங்கள் இருந்தவரை நமக்கு அந்தப் பயம் ஏது? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவிலுக்குப் பின்னால் அயனிமரத்தடியில் உட்காருவீர்கள். தீர்வை நோட்டீஸ், கோர்ட்டுக் கடுதாசி என்று பெண்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவருவோம். எல்லாம் மலையாளத்தில் இருக்கும். "பயப்படாண்டாம் பிள்ளே, இது சும்மா வரிக் காகிதம்" என்று நீங்கள் வாசித்துச் சொன்ன பிறகுதான் மூச்சு வரும். இப்போது அந்த மரத்தடியில் யாரும் உட்காருவதில்லை. காகிதம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

போன சனிக்கிழமை எனக்கும் ஒன்று வந்தது. முத்திரையைப் பார்த்ததுமே மடித்து முந்தானையில் முடிந்தேன். சபையில் மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஆண்கள் உண்டு. ஆனால் உள்ளே என்ன இருக்குமோ, ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டால்? இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். சோறு பொங்க அரிசி எடுக்கும்போதெல்லாம் அதன்மேல் ஒரு பிடி அரிசியைப் போட்டு மூடினேன்.

கடைசியில் மேலத்தெரு தேவகிச் சேச்சியிடம் போனேன். துப்பாக்கி வெடித்த நாள் முதல் அந்த மலையாள வீட்டோடு யாரும் பேசுவதில்லை. நானும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டப்பகலில் கதவு சாத்தியிருந்தது.

"ஆரு? கூட ஆரு வந்திருக்கு?"

"நான் செல்லத்தாயி, சேச்சி. ஒத்தைக்குத்தான் வந்திருக்கேன்."

பாதிக் கதவுதான் திறந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. என்னைவிட அவர் பயந்து போயிருந்தார், மைனி! "உங்க ஆளுவ வீட்டுக்குத் தீ வைப்பாவன்னு சொல்லுதாவளே, நெசமா?" என்று கேட்டார். காகிதத்தை நீட்டினேன்.

வாசித்தார். முகம் கறுத்தது. "உனக்க அண்ணன் கல்லெறிஞ்சத நீ கண்ணால பாத்தேன்னு சாட்சி மொழி குடுத்திருக்கியாம். புதன்கிழமை கோர்ட்டுல வந்து அதையே சொல்லணுமாம். அப்படிச் சொன்னியா?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்படிச் சொல்வேனா மைனி? நீங்கள் நம்புவீர்களா? மேரி நம்புவாளா?

சேச்சிதான் தண்ணீர் தந்தார். "நீ அப்படிச் சொல்லலன்னு தமிழ்ல மனு குடுத்தா அங்க ஆரு வாசிப்பா? நான் மலையாளத்துல எழுதித் தாறேன்" என்று அப்போதே உட்கார்ந்து எழுதினார். நான் சொன்னதைச் சொன்னபடி வாசித்தும் காட்டினார். அப்புறம் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

கை போகவில்லை மைனி. அதே எழுத்து. அதே மாதிரி காதுக்கு இனிமையான வாசிப்பு.

"என்னை நம்பலியா?" என்றார்.

"நம்புதேன் சேச்சி. பயமாவும் இருக்கு."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு எல்லை மாறினா எனக்கும் இதேதான். தமிழ்க் காகிதத்த வச்சிட்டு நான் உனக்க வாசல்ல வந்து நிக்கணும்" என்றார். பிறகு, எழுதிக்கொடுத்தது தான்தான் என்று மனுவின் அடியில் தன் பெயரைப் போட்டார். போலீசுக்கு எதிரான காகிதம் அது! அவருக்கு வேறு வேலை இல்லையா? அதன் பக்கத்தில் நான் தமிழில், என் கையாலேயே எழுதினேன்: "இந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. என் அண்ணன் கையில் கல் இல்லை." பிறகுதான் ஒப்பு போட்டேன்.

புதன்கிழமை கோர்ட்டில் இந்த மனுவைக் கொடுப்பேன். சொன்ன மொழியை மாற்றினாய் என்று என்னையே உள்ளே தள்ளினால் மேரியை யார் பார்ப்பார்கள்? அண்ணன் இதைக் கேள்விப்பட்டால் என் முகத்தில் விழிப்பாரா? தெரியவில்லை. ஆனாலும் போகிறேன். இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை சபைப் பெண்கள் முன்னால் வாசிக்கச் சொல்லி, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறேன். நம்மில் எத்தனை பேர் இப்படி ஒப்பு போட்டிருக்கிறோமோ! நான் திரும்பி வந்தால் மேரி இரண்டு எழுத்தும் படிப்பாள். அயனிமரத்தடியில் உங்கள் இடத்தில் அவள் உட்காருவாள். வராவிட்டாலும் படிப்பாள், சேச்சி வாக்குத் தந்திருக்கிறார்.

மூன்று தரம் நானே வாசித்துப் பார்த்து, எல்லாம் நான் சொன்னதுதான் என்று அறிந்து, ஒப்பு:

உங்கள் நாத்தூன்,
செல்லத்தாய்