மூன்று துண்டுத் தும்புக் கயிறு

என் அன்புக் கமலா,

நேற்று உன் முதலாம் ஆண்டுத் திதி முடிந்தது. எல்லாரையும் பஸ் ஏற்றிவிட்டேன். இன்று நான் லீவு போட்டுவிட்டேன். சுபா மட்டும் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதற்கு முன் என் வயிற்றெரிச்சலையும் நீ கேட்டாக வேண்டும். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே கேட்டாய்?

உன் அண்ணன் அண்ணியோடு வந்திருந்தார். நீ மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் கண்டியிலிருந்து ஒரு தடவைகூட வராதவர். கேட்டால், "ரோட்டுல ஆமி செக்கிங் மச்சான். நம்மாளுங்கள எறக்கி எறக்கிப் பாக்குறானுங்க" என்பார். நம் ஊர் பல்லேபொலயிலிருந்து உன்னைப் பார்க்க வரும் வழியில் நானும்தான் அடையாள அட்டையோடு இறங்கி வரிசையில் நின்றேன். நீ இறந்த அன்று மத்தியானத்துக்குள் அவர் வந்து சேர்ந்துவிட்டார். நீ இருக்கும்வரை மூடியிருந்த பாதை, நீ போனதும் எப்படித் திறந்தது? நான் அவரிடம் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை.

நீ முன்பே தெரிந்து வைத்திருந்தாய். கடைசியாக வீட்டுக்கு வந்திருந்தபோது, மிளகுக் கொடி கட்டுகிற தேங்காய்த் தும்புக் கயிற்றில் மூன்று துண்டு வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னாய். "யாரும் வரமாட்டாங்க. புள்ளைக்கு ரெட்டப் பின்னல் போட நீங்களே படிச்சுக்கங்க." சுபாவின் தலையில் பழகினால் அவள் அழுவாள் என்றாய். உன் தலையில் பழக, அந்தப் புற்றுநோய் மருந்து முடியை மிச்சம் வைக்கவில்லை. நான் தடுமாறத் தடுமாற, பாயில் படுத்தபடி சிரித்தாய். "கணக்கு வாத்தியாருக்கு மூணு வரைக்கும் எண்ண வரலியா?"

பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? தும்புக் கயிற்றை இழுத்துப் பிடிக்காவிட்டால் பிரிந்துவிடும். அந்த இழுப்பே என் கையில் தங்கிவிட்டது. முதல் வாரம் சுபாவின் புருவம் இரண்டும் மேலே ஏறி, எதைப் பார்த்தோ திகைத்தவள் போலப் பள்ளிக்கூடம் வந்தாள். "வாத்தியார் கயிறு திரிச்சு விட்டிருக்காரு" என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் யார் யாரென்று எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் ஒரு நாளும் அவள் பின்னல் அவிழ்ந்து வீடு வந்ததில்லை, கமலா. பட்டம் வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை இருந்ததில்லை.

நேற்றுக் காலையும் நான்தான் பின்னிவிட்டேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, "என்னா தம்பி, இது புள்ள தலையா, மாடு கட்டுற கயிறா?" என்றார். சுபாவை இழுத்து உட்கார வைத்து, அத்தனையையும் அவிழ்த்து, வாரி, தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டார். "இப்பத்தான் பொம்பளப் புள்ள மாதிரி இருக்கு" என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

அதோடு விட்டாரா? "இன்னும் ரெண்டு வருசத்துல பெரிய மனுசி ஆயிருவா. ஆம்பள நீங்க தனியா என்னா செய்வீங்க? எங்களோட கண்டிக்கு அனுப்பிருங்க. எம் புள்ளைங்களோட ஒண்ணா வளரட்டும்."

பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. நியாயம் இருந்ததா? சுபாவைப் பார்த்தேன். அழகாக இருந்தாள். உன்னைப் போலவே இருந்தாள். "யோசிச்சுச் சொல்றேங்க்கா" என்று குசினிப் பக்கம் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அனுப்பிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம். நான் குசினிப் படியில் இருந்தேன். சுபா சீப்பும் ரிப்பனுமாக வந்து, எனக்கு முதுகைக் காட்டிக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, பின்னி விடுங்க. இது ஆடிக்கிட்டே இருக்கு."

பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தார். "ஏண்டி, ஒங்கப்பா பின்னுனா வலிக்கலியா ஒனக்கு?"

"வலிக்குந்தான் அத்த. ஆனா அது எங்கம்மா சொல்லிக் குடுத்தது."

உன் அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். அண்ணி கரண்டியை வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பின்னி முடித்ததும் ரிப்பனை எடுத்து என்னிடம் நீட்டினார். கண்டிப் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

இதுதான் செய்தி. நம் பிள்ளை நம் வீட்டில்தான் இருக்கிறாள்.

அந்தக் கயிறு இன்னும் ஜன்னல் கம்பியில் கிடக்கிறது. நீ இருந்தபோது உனக்கு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. வீட்டுக்குள் யார் அதைச் சொல்லிக்கொள்கிறார்கள்? இப்போது எழுதுகிறேன். நன்றி, கமலா.

இன்று காலை கொஞ்சம் தளர்த்திப் பின்னினேன். புருவம் தன் இடத்திலேயே இருந்தது. இனி அப்படியே பின்னுவேன். அவள் பெரியவளாகும்போது எனக்குத் தெரியாததை, கௌரவம் பார்க்காமல் உன் அண்ணியிடம் கேட்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. உன் அண்ணனை மன்னிக்கச் சொல்லி மட்டும் இப்போதைக்குக் கேட்காதே.

உன் வீட்டுக்காரன்,
சுபாவின் அப்பா